பனா கபாசோ வாதாடிய எலி தின்னி வழக்கு

இது நடந்த கதை. கிட்வே ஊரில், மாவு ஆலைக்குள்ளே, பட்டப்பகலில், நூறு பேர் பார்க்க நடந்தது. ஒரு சொல் கூடப் பொய் கிடையாது.

சரி, சரி, அப்படி முறைக்காதீர்கள். அங்கங்கே கொஞ்சம் இழுத்திருக்கிறேன். பனா கபாசோ சிரித்தால் ஆலைக் கூரையில் இரண்டு தகரம் கழன்று விழும் என்று நான் சொன்னால், நீங்கள் ஒரு தகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நானூறு பேர் என்றால் நாற்பது. மற்றபடி வழக்கு உண்மை, தீர்ப்பு உண்மை, நம் மினிபஸ் நிரம்ப இன்னும் ஆறு பேர் வேண்டும் என்பதும் உண்மை. அதுவரை சும்மா உட்கார்ந்து என்ன செய்யப் போகிறோம்?

"சொல்லுங்க, சொல்லுங்க. இழுக்குறதை மட்டும் எங்க பக்கமா இழுங்க" என்கிறார் கடைசி சீட்டில் இருக்கும் அம்மா. அவர் சிப்பாட்டாப் பக்கத்து ந்கோனி குலத்துக்காரர். அவருக்கு முன்னால் தொப்பி போட்டு உட்கார்ந்திருப்பவர் கசாமாவில் பிறந்த பெம்பா குலத்துக்காரர். முன்பின் தெரியாதவர்கள். ஆனாலும் பஸ்ஸில் ஏறிய நிமிடத்திலிருந்து ஒருவரையொருவர் வைதுகொண்டே இருக்கிறார்கள். முறை அப்படி. நம் தாத்தாக்களின் தாத்தாக்கள் ஈட்டியால் குத்திக்கொண்டார்கள். பிறகு சலித்துப்போய், இனிமேல் வாயால் மட்டும் குத்திக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். அன்றிலிருந்து பெம்பாவும் ந்கோனியும் மாமன் மச்சான் மாதிரி. பெம்பா ந்கோனியை எலி தின்னி என்பான். ந்கோனி பெம்பாவைக் குரங்கு தின்னி என்பான். யாருக்கும் கோபம் வரக்கூடாது. கோபப்பட்டவன்தான் கெட்டவன்.

பனா கபாசோவும் பெம்பாதான். கபாசோவைப் பெற்றவள் என்பதால் பனா கபாசோ. அவள் அம்மா அப்பா வைத்த பெயர் என்னவென்று அவள் புருஷனுக்கே மறந்துவிட்டது. ஏழாவது வரை படித்தவள். ஆலையில் மக்காச்சோள மாவு மூட்டைகளின் வாயைத் தைக்கும் வேலை. நாளைக்கு இரண்டாயிரம் மூட்டை தைப்பாள். (ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அவள் எப்படிச் சங்கத்துக்கு வந்தாள் என்பது தனிக் கூத்து. தைக்கிற பெண்களுக்கு அப்போது உட்கார நாற்காலி கிடையாது. எட்டு மணி நேரமும் நின்றே தைக்க வேண்டும். 'வேலை நேரத்தில் நாற்காலியில் உட்காரக் கூடாது' என்று சுவரில் அறிவிப்பு வேறு. ஒருநாள் காலையில் பனா கபாசோ வீட்டிலிருந்த மர உரலைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தாள். வாசல் காவலாளி, "உள்ள மிஷின் இருக்குறப்ப உரல் எதுக்குக்கா?" என்று கேட்டதற்கு, "மிஷின் நின்னா இடிக்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே போய் உரலைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து தைத்தாள். மேற்பார்வையாளர் ஓடிவந்தார்.

"எந்திரி! நோட்டீஸ் பாக்கலையா?"

"பாத்தேன் சார். நாற்காலின்னு போட்டிருக்கு. இது உரலு."

மறுநாள் பதினொரு பெண்கள் தலையில் உரலோடு வாசலில் வரிசையாக நின்றார்கள். அந்த வாரமே பலகை ஸ்டூல்கள் வந்தன. அடுத்த தேர்தலில் பெண்கள் எல்லோரும் சேர்ந்து அவளைச் சங்கக் கிளைச் செயலாளர் ஆக்கினார்கள்.

சங்கத் தலைமையகத்திலிருந்து அவளுக்கு ஒரு தொழிலாளர் சட்டப் புத்தகம் வந்தது. முழுவதும் ஆங்கிலம். மாவுப் பைத் துணியில் அதற்கு உறை தைத்தாள். வாரத்துக்கு ஒரு பக்கம் என்று, விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். புரியாத சொல்லை ஞாயிற்றுக்கிழமை கோவிலில் வேதம் சொல்லித் தருபவரிடம் கேட்பாள். பாவம் அந்த மனுஷர், இரண்டு வருஷத்தில் அவரும் பாதி வக்கீலாகிவிட்டார்.

வேலைப் பிரச்சினை என்று யாராவது அவள் வீட்டுக்கு வந்தால், முதலில் ந்ஷிமா களியும் கீரையும் வைத்துச் சாப்பிடச் சொல்வாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "செஞ்சியா, செய்யலையா?" என்று ஒரே கேள்வி. பொய் சொன்னால் முதுகில் ஒரு அறை. உண்மையைச் சொன்னால் இன்னொரு உருண்டை களி. அப்படியே ஒன்பது வருஷம் போனது. பிள்ளை பெறப் போனதற்காக நீக்கப்பட்ட பெண்ணைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தாள். கை நசுங்கிய ஒருவனைப் பற்றி, "அவன்தான் கவனமில்லாம இருந்தான்" என்று எழுதியவர்களே அதைக் கிழித்துப் போடும்படி பண்ணினாள். ஆலை உள்விசாரணையில் அவள் தோற்றதே இல்லை.

அப்போதுதான் ஆலை கைமாறியது. வில்கின்ஸ் என்று புது மேனேஜர் கடல் தாண்டி வந்தார். கெட்டவர் இல்லை. தடிமனான விதிப் புத்தகம் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். தூங்கும்போது கூட அதைத்தான் தலைக்கு வைத்துக்கொள்வார் என்று பேச்சு.

ஆலையில் அரைக்கும் உருளைகளைப் பார்த்துக்கொண்டவன் லோம்பே. பெம்பா. இருபத்திரண்டு வருஷ வேலை. மிஷின் மேல் உள்ளங்கையை வைத்தே மாவு எத்தனை மெலிசாக விழுகிறது என்று சொல்வான். அவனுக்கு மேற்பார்வையாளராக அப்போதுதான் உயர்ந்திருந்தவன் ஜெரே. ந்கோனி. அந்த ஜூன் மாதக் குளிரில், புது நீலக் கோட்டு போட்டுக்கொண்டு ஜெரே முதல் தடவையாக உள்ளே நுழைந்தான். லோம்பே விடுவானா? மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தினான்.

"டேய், மூட்டையெல்லாம் மூடுங்கடா! பெரிய எலி ஒண்ணு கோட்டு போட்டுக்கிட்டு வருது!"

"வாயைத் தொடைச்சிக்கடா குரங்கு தின்னி, வால் வெளிய தொங்குது."

"உன்னை மாதிரி ஆளு இருக்கும்போது ஆலையில எலி மருந்து எதுக்குடா? மத்தியானம் உன்னை கோடவுன்ல தள்ளிப் பூட்டிட்டு, ஒரு பொட்டலம் உப்பு குடுத்தா போதுமே!"

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜெரேதான் அதிகம் சிரித்தான். ஆனால் மேனேஜர் வில்கின்ஸ் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பக்கத்திலிருந்த ஆபீசரிடம், என்ன சொல்கிறான் என்று கேட்டார். ஆபீசர் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொன்னார். மேனேஜரின் முகம் வேகாத களி மாதிரி வெளுத்தது. கீழே வேலை செய்பவன் மேலே உள்ளவனை எல்லோர் முன்னும் எலி தின்னச் சொல்கிறான்! விதிப் புத்தகத்தில் அது பதினாலாம் விதி: மேலாளை அவமதித்தால் வேலை போகும்.

மறுநாள் ஜெரேயை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"நேற்று நடந்தது உங்களைப் புண்படுத்தியதா?"

இந்த இடத்தில்தான் ஜெரே அந்தத் தப்பைச் செய்தான். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் செய்ய முடியாத தப்பு. முறைக்காரனைப் பற்றி யார் கேட்டாலும் நம் ஆட்களுக்கு வாயில் வரும் பதில் ஒன்றுதானே? முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான்:

"புண்ணா சார்? நெஞ்சே ரெண்டா பொளந்துபோச்சு. ராத்திரி பூரா தூக்கமில்லை. பொண்டாட்டி அழுதுக்கிட்டே கெடக்கா. இந்தக் குரங்கு தின்னியை ஆலையை விட்டே தொரத்துங்க சார். காட்டுக்குப் போயி மரத்துல தொங்கட்டும்."

ஆபீசருக்கு எல்லாம் தெரியும். அவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தானே. ஆனால் புது முதலாளி, புது பயம். தலையைக் குனிந்துகொண்டு டைப் அடித்தார். ஜெரே உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே கையெழுத்தைப் போட்டான். இந்தக் காகிதத்தை லோம்பேயிடம் காட்டினால் ஒரு வாரத்துக்குச் சிரிப்புக்குப் பஞ்சமில்லை என்று நினைத்தான்.

"எங்க ஆளு நல்லாத்தானே சொல்லியிருக்கான்!" என்கிறார் கடைசி சீட்டு அம்மா.

"எலி மூளை" என்கிறார் தொப்பிக்காரர்.

வெள்ளிக்கிழமை லோம்பேக்குக் குற்றச்சாட்டுக் கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோவில் விட்டதும் இரண்டு பேரும் பனா கபாசோ வீட்டு வாசலில் நின்றார்கள். ஜெரே தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். லோம்பே தரையைப் பார்த்தபடி நின்றான். அவள் இருவருக்கும் களி போட்டாள். ஒருவரும் தொடவில்லை.

"என்னடா பண்ணித் தொலைச்ச?"

"விளையாட்டுக்குச் சொன்னேன்க்கா. முறைக்காரனைப் பத்திக் கேட்டா வேற எப்படிச் சொல்றது? 'பரவாயில்ல சார், நல்ல பையன்'னு சொன்னேன்னு வைங்க, எங்க அப்பா குழியிலேருந்து எந்திரிச்சு வந்து அறைவாரு."

"மேனேஜருக்கு முறை தெரியுமாடா?"

"அவருக்கு முறைக்காரங்களே கெடையாதாம்க்கா. கேட்டுப் பாத்தேன்."

"இப்பப் போயி விளையாட்டுன்னு சொல்றதுதானே?"

"சொன்னேனே! கையெழுத்துப் போட்டது பொய்யின்னா, பொய் சொன்னதுக்கு உனக்கும் வேலை போயிரும்னாரு."

பனா கபாசோ லோம்பே பக்கம் திரும்பினாள். வந்ததிலிருந்து அவன் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் ஒரு ந்கோனி உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுகிறான், இவன் ஒரு சொல் வையவில்லை.

"டேய் லோம்பே. இவனை ஒரு வார்த்தை வையேண்டா."

லோம்பே மெதுவாகத் தலையை ஆட்டினான்.

"வைய பயமா இருக்குக்கா."

பனா கபாசோ கணக்குப் போட்டாள். ஐம்பத்து மூன்று வயதில், மேலாளை அவமதித்தவன் என்ற எழுத்தோடு வெளியே போனால் இந்த நாட்டில் எந்த ஆலையும் அவனை வாசலில் நிற்க விடாது. அது ஒரு பக்கம். முறைக்காரனை வைய பயப்படும் ஒரு பெம்பாவை அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

உள்விசாரணையில் அவள் ஒரு மணி நேரம் பேசினாள். மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஜெரேயின் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். எழுதியிருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, முடிந்தது. லோம்பே வேலையிலிருந்து நீக்கப்பட்டான். ஒன்பது வருஷத்தில் பனா கபாசோவுக்கு முதல் தோல்வி. அன்றைக்கு அவள் தைத்த மூட்டைகள் எல்லாம் கோணல். மறுநாள் காலையில் உறை போட்ட புத்தகத்தை எடுத்தாள், தொழில் நீதிமன்றத்துக்கு மனு எழுதினாள்.

"வக்கீல் வச்சுக்கலாமேக்கா" என்றான் லோம்பே.

"வச்சா அவனுக்கு முறையைச் சொல்லிக் குடுக்கவே ஒரு வருஷம் ஆகும். நானே பேசுறேன்" என்றாள்.

விசாரணை ந்டோலாவில். ஒரு லாரி பிடித்து நானூறு பேர் போனார்கள். ஆலைத் தரப்பில் தலைநகர் லுசாகாவிலிருந்து பெரிய வக்கீல் வந்திருந்தார். கறுப்பு அங்கி, தங்க பிரேம் கண்ணாடி, மூன்று பெட்டி புத்தகம். பெயர் ஷாவா. பெயரைக் கேட்டதுமே பனா கபாசோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஷாவா என்றால் ந்கோனி! கடவுளே கொண்டுவந்து கொடுத்த மாதிரி இருந்தது. அவள் போட்ட திட்டம் சுலபமானது. வக்கீலை நாலு வார்த்தை வைய வேண்டும். ரத்தம் சும்மா இருக்காது, திரும்ப வைவார். உடனே, 'கனம் நீதிபதி அம்மா, வக்கீலையும் பதினாலாம் விதியில் நீக்குங்கள்' என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும்.

நீதிபதி அம்மா தோங்கா என்கிற வேறொரு குலம். கண்டிப்பான முகம். ஷாவா எழுந்தார்.

"கனம் நீதிபதி அவர்களே, எதிர்த்தரப்பில் பேச வந்திருப்பவர் வக்கீல் அல்ல. மூட்டை தைப்பவர்."

"நல்லதாப் போச்சு. இந்த வழக்குல கிழிசல் நிறைய இருக்கு" என்றார் நீதிபதி அம்மா. "சங்கப் பொறுப்பாளர் தொழிலாளிக்காகப் பேசலாம்னு சட்டத்துல இருக்கு. நீங்க உக்காருங்க."

பனா கபாசோ இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அம்மா, தொடங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு. வக்கீல் ஐயா பெட்டிக்குள்ள ஏதோ கீச்கீச்சுனு கத்துது. மத்தியானச் சாப்பாடு உயிரோட இருக்கோ?"

பின்னால் நாற்பது பேர் சிரித்தார்கள். ஷாவா காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். தலையைக் கூட நிமிர்த்தவில்லை.

"வக்கீல் ஐயா அங்கி இவ்வளவு நீளமா இருக்கே, உள்ள வாலைச் சுருட்டி வச்சிருக்காரோன்னு..."

ஷாவா ஒரு பக்கத்தைத் திருப்பினார். பேனா மூடியைத் திருகினார். கல்லு மாதிரி இருந்தார்.

"எங்க ஆளு உறுதியானவன்!" என்று கைதட்டுகிறார் கடைசி சீட்டு அம்மா. இருங்கள், அம்மா.

மூன்றாவது தடவை அவள் வாயைத் திறக்கும் முன்பே நீதிபதி அம்மா மேசையைத் தட்டினார். "பனா கபாசோ, இது கோர்ட்டு. கல்யாண வீடு இல்லை. இன்னும் ஒரு வார்த்தை வந்தா வெளிய அனுப்பிருவேன். அப்புறம் லோம்பேக்காக யாரு பேசுறது?"

அவள் இடுப்புத் துணியை மறுபடி இறுக்கிக் கட்டினாள். அவள் போட்டு வைத்திருந்த ஒரே திட்டம் போய்விட்டது. சாட்சிக் கூண்டில் ஜெரே நிற்கிறான். உண்மையைச் சொன்னால் அவன் வேலை போகும். சொல்லாவிட்டால் லோம்பேயின் வேலை போனது போனதுதான். அவள் திரும்பி லோம்பேயைப் பார்த்தாள். அவன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அகலமான கைகள். மண்வெட்டி பிடித்த கைகள். அவளுக்கு ஒரு மழைநாள் நினைவுக்கு வந்தது. அன்று அவளும் அங்கே இருந்தாள்.

சட்டப் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தாள்.

"ஜெரே, அந்தக் காகிதத்துல இருக்குறது நீங்க சொன்னதுதானா?"

"நான் சொன்னதுதான்."

"முறைக்காரனைப் பத்தி ஒருத்தர் கேட்டா வேற மாதிரி பதில் சொல்லலாமா?"

"சொல்லக் கூடாதுக்கா. சொன்னா அதுதான் பொய்யி."

"சரி. உங்க அப்பா எப்ப எறந்தாரு?"

ஷாவா எழுந்தார். "இதற்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை." நீதிபதி அம்மா கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார்.

"மூணு வருஷம் ஆச்சு. மழைக்காலம்" என்றான் ஜெரே.

"குழி வெட்டினது யாரு?"

"லோம்பே. அவனும் அவன் ஆளுங்களும்."

"வெட்டி முடிச்சிட்டு லோம்பே என்ன செஞ்சான்?"

"உள்ள எறங்கிப் படுத்துக்கிட்டான்."

"எதுக்கு?"

"'குழி எனக்கே வசதியா இருக்கு, உங்க கெழவனை ஏதாவது எலிப் பொந்துல வச்சுக்குங்க. எந்திரிக்கணும்னா ஒரு கோழி குடுங்க'ன்னான்."

"போலீசுக்குப் போனீங்களா?"

"கோழியைக் குடுத்தோம்."

"உங்க அப்பாவோட கோட்டைப் போட்டுக்கிட்டு யாரு நடந்தது?"

"அவன்தான். அப்பா எடது காலை இழுத்து இழுத்து நடப்பாரு. அதே மாதிரி நடந்தான். கொட்டுற மழையில, அத்தனை பேரு முன்னாடி. எங்க அம்மா மூணு நாளா ஒரு வாய் தண்ணி குடிக்கல. அவன் நடந்ததைப் பாத்துதான் சிரிச்சாங்க. அப்புறந்தான் சாப்பிட்டாங்க."

பனா கபாசோ கூண்டுப் பக்கம் ஒரு அடி நகர்ந்தாள்.

"நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா?"

"அவன்தான் வரணும்க்கா. எத்தனை சொந்தக்காரன் இருந்தாலும், அவன் வந்து வையலைன்னா என்னைப் பொதைச்சதாவே கணக்கில்லை."

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது. ஐந்து மாதமாக வெளியே வராத குரல்.

"கவலைப்படாதடா எலி தின்னி! ஒரு சுட்ட எலியை வாயில வச்சு, சேத்தே பொதைக்கிறேன்!"

லோம்பே எழுந்து நின்றிருந்தான். கூண்டுக்குள் ஜெரே அழுதுகொண்டே சிரித்தான். நாற்பது பேரும் எழுந்து கூத்தாடினார்கள். நீதிமன்றக் கூரை மூன்றடி மேலே போய்த் திரும்ப வந்து உட்கார்ந்தது. பனா கபாசோ மட்டும் சிரிக்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றாள்.

ஷாவா வக்கீல் எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே, இங்கேயே, உங்கள் முன்னாலேயே அவமதிக்கிறார். இதைப் பதிவு செய்ய வேண்டும்."

"செய்யலாம்" என்றார் நீதிபதி அம்மா. "அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்குறேன், மிஸ்டர் ஷாவா. உங்க அப்பா இருக்காரா?"

"இல்லை அம்மா."

"குழி வெட்டினது யாரு?"

ஷாவா தங்கக் கண்ணாடியைக் கழற்றினார். அங்கியின் முனையால் துடைத்தார். மறுபடி துடைத்தார். அவர் நினைத்திருந்தால், கேள்வி வழக்குக்கு வெளியே என்று சொல்லியிருக்கலாம். மூன்று பெட்டி புத்தகத்தில் அதற்கு எங்கேயாவது ஒரு வரி இருந்திருக்கும்.

"நாலு பெம்பாக்காரங்க அம்மா" என்றார். கோர்ட்டுப் பேச்சு போய் வீட்டுப் பேச்சு வந்திருந்தது. "கசாமாவிலேருந்து லாரி பிடிச்சு வந்தாங்க. யாரும் கூப்பிடல. குழியை வெட்டிட்டு, என் புது ஷூவைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"புகார் குடுத்தீங்களா?"

"இல்லைம்மா."

"ஏன்?"

"அது முறை." சொல்லிவிட்டு ஷாவா உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. அவமதிப்பு என்றால் அவமானப்பட்ட ஒருவன் வேண்டும், இங்கே அப்படி யாருமில்லை என்று எழுதியிருந்தது. ஜெரே சொன்னதில் பொய் இல்லை, எனவே அவன்மேல் கை வைக்கக் கூடாது. லோம்பே அதே மிஷினுக்கு, அதே இருபத்திரண்டு வருஷத்தோடு திரும்பிப் போக வேண்டும். பனா கபாசோ அதைக் கோவில் படியில் நின்று சத்தமாகப் படித்தாள். விரலை வைக்காமல் படித்தாள்.

லோம்பே வேலைக்குத் திரும்பிய நாளில் மேனேஜர் வில்கின்ஸ் தைக்கிற பகுதிக்கு வந்தார். எல்லோரும் பயந்துபோய் நின்றார்கள். ஆபீசர் மூலமாகக் கேட்டார்:

"எனக்கு முறை யார்?"

பனா கபாசோ அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இப்போதைக்கு ஒருத்தரும் இல்ல சார். கொஞ்ச வருஷம் இங்கயே இருங்க. ரெண்டு சாவுக்கு வாங்க. யாராவது கெடைப்பாங்க."

அவர் கொஞ்சம் வருத்தமாகப் போன மாதிரி இருந்தது என்று அவள் பிறகு சொன்னாள். அதற்கப்புறம் கிட்வேயிலும் லுவான்ஷ்யாவிலும் ஒரு தொழிலாளிக்கு வழக்கு என்றால், வக்கீல் பெயருக்கு முன்னால் அவள் பெயரைத்தான் சொல்கிறார்கள். கறுப்பு அங்கி போட்டவர்கள் எதிரே வந்தால் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்குகிறார்கள். வழிவிடாவிட்டாலும் அவள் அகலத்துக்கு ஒதுங்கித்தான் ஆக வேண்டும் என்பது வேறு விஷயம். இன்றைக்கும் மூட்டைதான் தைக்கிறாள். சங்கத்தில் முழு நேரமாக வரச் சொன்னார்கள். "மூட்டை தைக்கிறவ வாதாடுனாத்தானே கேக்க நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டாள். ஆக, லோம்பேயின் வேலையைக் காப்பாற்றிய பெண்...

"நிறுத்துங்க!" கடைசி சீட்டு அம்மா எழுந்துவிட்டார். "யாரு காப்பாத்துனது? வேலை போனாலும் போகுதுன்னு கூண்டுல நின்னு சொன்னது யாரு? ந்கோனி! அப்பனைப் பத்திக் கேட்டதும் மறைக்காம ஒத்துக்கிட்ட வக்கீல் யாரு? ந்கோனி! ஜெயிச்சது நாங்க!"

"மாட்டி விட்டதும் நீங்கதானே!" தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி எறிந்தார். "கேள்வி கேட்டது பெம்பாக்காரி! குழி வெட்டுனது பெம்பாக்காரன்! நீங்க செத்துப் படுத்ததைத் தவிர என்ன கிழிச்சீங்க?"

"ஷூ திருடனுங்க பேச வந்துட்டானுங்க!"

"தீர்ப்பு எழுதுனது எங்க தோங்கா அம்மா" என்று கண்டக்டர் வாசலிலிருந்து தலையை நீட்டினான். "அவங்க இல்லைன்னா ரெண்டு பேரும் நடுத்தெருவுல நின்னிருப்பீங்க."

"தோங்காவா?" முன் சீட்டில் அதுவரை தூங்கிக்கொண்டிருந்த லோசி குலத்துப் பெரியவர் துள்ளி எழுந்தார்; தோங்காவுக்கும் லோசிக்கும் இதே முறைதான். "மாட்டுக்கு முத்தம் குடுக்குற பயலுகளுக்குத் தீர்ப்பு எழுத வேற தெரியுமா? எறங்குடா கீழ, எறங்கு!"

"நீங்க எறங்குங்க தாத்தா, இது என் பஸ்ஸு!"

"யாரைடா தாத்தாங்குற?"

"என் தொப்பி மேல யாரு கால வச்சிருக்கீங்க? எடுங்க! எலி தின்னி, காலை எடு!"

"மாட்டேன்! ஒரு கோழி குடு, எடுக்குறேன்!"